கால் வீங்குவதற்கு முன்பே: சிறுநீரக நோயில் தேங்கும் நீரும் இறுகும் இரத்தக் குழாய்களும்

நாள்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் பேச்செல்லாம் இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவைச் சுற்றியே நடக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று உறவினர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். என் அம்மாவுக்கு நோய், ஐந்து நிலைகளில் நான்காம் நிலையில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். அந்த எண் முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சிறுநீரகம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எது கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. கெடுப்பவற்றுள் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் எல்லோரும் அறிவார்கள். உடலில் தேங்கும் உப்பையும் நீரையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அது சிறுநீரகம் கெட்ட பிறகு வரும் விளைவு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விளைவுதான், ஆனால் அந்த விளைவே இரத்தக் குழாய்களைக் கெடுத்து, அவற்றின் வழியாகச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் காரணமாகவும் மாறுகிறது. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. அம்மாவுக்காகப் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

நீர் ஏன் தேங்குகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நலமாக உள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அதில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதை உடல் திரும்ப எடுத்துக்கொண்டு, நாம் உண்ட 10 கிராம் அளவை மட்டும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டராகக் குறைந்துவிட்டால் ஒரு நாளில் வடிவது 30 லிட்டர்கூட இல்லை. அதே 10 கிராம் உப்பை வெளியேற்ற, எஞ்சியிருக்கும் நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் நுண் வடிகட்டும் அலகுகள்) ஒவ்வொன்றும் முன்பைவிட ஆறு மடங்கு பங்கை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. அவற்றை அப்படித் தள்ள வைக்க உடலிடம் உள்ள முதன்மையான வழி, திரவத்தின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவதுதான். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் பல பத்தாண்டுகள் விளக்கி வந்த உறவு இது: அழுத்தம் கூடினால் சிறுநீரகம் கூடுதல் உப்பை விடும். ஆகவே சிறுநீரக நோயாளியின் உடலில் கூடுதலாக நிற்கும் நீர், உண்ட உப்பை வெளியேற்றுவதற்காக உடல் கொடுக்கும் விலை. அந்த விலையை இரத்தக் குழாய்கள்தாம் செலுத்துகின்றன.

நோயாளிகளின் வீடுகளில் பலரும் நீரைக் கவனிக்கிறார்கள், உப்பைக் கவனிப்பதில்லை. மருத்துவமனையில் ஏற்றப்படும் சாதாரண சலைன் புட்டியில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது; நம் இரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறத்தாழ அதே அளவுதான். அப்படியானால் வெளியேறாமல் உடலில் தங்கிவிட்ட ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாகம் என்பது அந்த நீரை உடல் கேட்டு வாங்கும் முறை. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் அளந்து கொடுப்பது நோயாளியைத் தவிக்க விடுவதே தவிர வேறு பயன் தராது. அம்மா ஒரு கோடைக் காலம் முழுவதும் உதடு வறண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. அப்போது அவருக்குக் கூறப்பட்ட அறிவுரை தண்ணீரைப் பற்றியதாக மட்டுமே இருந்தது. சாப்பாட்டில் ஊறுகாயும் அப்பளமும் வழக்கம்போல இருந்தன.

இந்த நீர் தேங்குவது கண்ணுக்குத் தெரிவது மிகவும் தாமதமாகத்தான். காலை விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கம் வர, பெரியவர் ஒருவரின் உடலில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை கூடுதல் நீர் சேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. அதற்கு முன் இருப்பவை சிறு அறிகுறிகள்: மாலையில் பாதத்தில் பதிந்து நிற்கும் செருப்பு வார்த் தடம், இறுகிப்போன மோதிரம், படுத்தால் வரும் இருமல், மாத்திரைகள் கூடியும் இறங்காத இரத்த அழுத்தம். இப்போது அம்மாவைப் பார்க்கும் மருத்துவர், முதல் நாளே கோப்பைத் திறப்பதற்கு முன் அவருடைய கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, வீட்ல எடை பார்க்கற மிஷின் இருக்கா?" என்றுதான் கேட்டார். காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே கருவியில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள உடையில் பார்க்கும் எடை ஒரு நோட்டில் பதிவாகத் தொடங்கியது அன்றிலிருந்துதான். இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர் என்பது எங்களுக்கு அந்த நோட்டின் மூலம்தான் புரிந்தது.

எடையையும் தாண்டி, உடலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தித் திசுக்களின் மின்தடையிலிருந்து நீரின் அளவைக் கணிக்கும் கருவிகள் இருக்கின்றன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கே அவை பெரும்பாலும் பயன்படுகின்றன என்றாலும், டயாலிசிஸ் நிலையை எட்டாதவர்களிடம் அவற்றை வைத்து முக்கியமான ஆய்வுகள் நடந்த இடம் தைவான். மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது டயாலிசிஸ் செய்துகொள்வோர் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் அது ஒன்று. ஆகவே அங்குள்ள மருத்துவர்கள் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியதில் வியப்பில்லை. காவ்சியுங் நகர மருத்துவர்கள் நான்காம், ஐந்தாம் நிலைகளில் இருந்த 470க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், செல்களுக்கு வெளியே உள்ள நீரில் 7 விழுக்காட்டுக்கும் மேல் மிகையாக இருந்தவர்களுக்குச் சிறுநீரகத் திறன் வேகமாகக் குறைந்ததும், டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததும் தெரியவந்தன. அதே குழுவினர் நீரின் அளவோடு இரத்தக் குழாய்களின் இறுக்கத்தையும், குழாய்களின் உள்பக்க அடுக்கான உள்ளணியின் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பொருள்களையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இரத்தக் குழாயின் உள்பக்கம் முழுவதையும் ஒரே அடுக்காக அமைந்த செல்கள் மூடியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று அழைக்கப்படும் இந்த அடுக்கு வெறும் உறை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட், இந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால், வழக்கமாகத் தமனியைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் செலுத்தினாலும் தமனி தளர்வதில்லை என்று காட்டினார். அந்தச் செல்கள் வெளியிட்டுக் குழாயைத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் உறுதியானது. 1998இல் அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரக நோயில் இந்த நைட்ரிக் ஆக்சைடு பல பக்கங்களிலிருந்தும் தாக்கப்படுகிறது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் ஏடிஎம்ஏ என்ற பொருள் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் சேருகிறது என்பது 1992இலேயே தெரிந்துவிட்டது. இரத்தத்தில் சோடியம் சற்றே உயர்ந்தாலும் எண்டோதீலியச் செல்கள் விறைத்துப்போய் நைட்ரிக் ஆக்சைடு வெளியிடுவதைக் குறைக்கின்றன என்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓபர்லைத்னர் குழுவினர் ஆய்வகச் செல்களில் காட்டினார்கள். செல்களின் மேல் மென்மையான சர்க்கரைப் புரதப் படலம் ஒன்றும் இருக்கிறது. மிகையான நீரும் உப்பும் அதைச் சிதைக்கும்போது குழாய்ச் சுவர் கசியத் தொடங்குகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் இதே உள்ளணிதான் இருப்பதால், அந்தக் கசிவின் ஒரு பங்கு சிறுநீரில் புரதமாகவும் நுரையாகவும் வெளிப்படுகிறது.

இதோடு அழற்சியும் சேருகிறது. நீர் தேங்கிய நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுதலாக இருப்பதைத் தைவானிலேயே நடந்த வேறோர் ஆய்வும் பதிவுசெய்தது. குடற்சுவரில் நீர் கோத்துக்கொள்ளும்போது அது தன் காவலை இழந்து பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்களை இரத்தத்துக்குள் விடுகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

பெரிய தமனிகளின் கதை வேறு விதமானது. இதயம் துடிக்கும்போது மகா தமனி சற்று விரிந்து அந்த வேகத்தை உள்வாங்கிக்கொண்டு, பிறகு சுருங்கி இரத்தத்தைச் சீராக அனுப்ப வேண்டும். வயதும் சர்க்கரையும் அதை இறுக்குவது போதாதென்று, சிறுநீரக நோயில் பாஸ்பரஸ் தேக்கத்தால் தமனிச் சுவரின் நடு அடுக்கிலேயே சுண்ணாம்பு படிகிறது. மிகை நீர் அந்தச் சுவரை இடைவிடாமல் இழுத்துப் பிடித்து அதன் இழைகளை மாற்றுகிறது. இறுகிய மகா தமனி துடிப்பின் அதிர்வை உள்வாங்காமல் அப்படியே கடத்திவிடும். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்களுக்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அவ்வளவு இரத்தத்தை ஏற்பதற்காகவே அவற்றின் குழாய்கள் எதிர்ப்புக் குறைவாக அமைந்தவை. அதனால் கடத்தப்பட்ட அதிர்வு நுண் வடிகட்டிகள் வரை சென்று இடிக்கிறது. அந்த வடிகட்டிகள் ஏற்கெனவே உடலின் மற்ற நுண்குழாய்களைவிட இரு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்பவை. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி அகன்றுகொண்டே போவது இந்த இறுக்கத்தை வீட்டிலேயே காட்டும் குறி. 170/70 என்று வரும்போது கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகளின் பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. உடலில் நீர் நிறைந்து இதயம் திணறும்போது சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் விரிய இடமில்லாத ஓர் உறைக்குள் இருப்பதால், வெளியேறும் இரத்தம் தடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி வடிகட்டுவது குறைகிறது. இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம், சிறுநீரகம் மோசமாவதை முன்கூட்டிக் காட்டியது இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் குறைவைவிடச் சிரை அழுத்தத்தின் உயர்வுதான் என்று கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2009இல் எழுதினார்கள். உடலில் நீர் நிறைந்திருக்கும்போது கிரியேட்டினின் ஏறினால், 'வறண்டுவிட்டது, தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்வது ஏன் ஆபத்தாக முடியலாம் என்பதற்கு இதுவே விடை.

இவற்றுள் பல, ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதைச் சொல்லும் ஆய்வுகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நோய் முற்றியவருக்கு நீரும் அதிகம் தேங்கும், டயாலிசிசும் சீக்கிரம் வரும். அதனால் மட்டும் நீர்தான் காரணம் என்று ஆகிவிடாது. எனவே, எதையாவது மாற்றிப் பார்த்த சோதனைகளையே நான் கூடுதலாக நம்புகிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2013இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், மூன்றாம், நான்காம் நிலைகளில் இருந்த 20 நோயாளிகள் இரண்டு வாரம் உப்பு மிகுந்தும் இரண்டு வாரம் உப்புக் குறைந்தும் வாழ்ந்தார்கள். எந்த வாரம் எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. உப்புக் குறைந்த காலத்தில் இரத்த அழுத்தம் சராசரியாக 10/4 குறைந்தது. செல்களுக்கு வெளியே உள்ள நீரும், சிறுநீரில் கழியும் புரதமும் அதோடு குறைந்தன. சோதனை சிறியது, காலமும் குறுகியது. இருந்தாலும் ஒரு மாத்திரைக்கு நிகரான பலன் உணவிலிருந்தே கிடைத்திருக்கிறது.

நீர் பிரியும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. குளோர்தாலிடோன் போன்ற தயசைடு வகை மாத்திரைகள் சிறுநீரகத் திறன் 30க்குக் கீழே போனால் வேலை செய்யாது என்பது நீண்ட கால நம்பிக்கை. அமெரிக்காவின் இந்தியானாவில் ராஜீவ் அகர்வால் தலைமையில் நான்காம் நிலை நோயாளிகள் 160 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், குளோர்தாலிடோன் பெற்றவர்களுக்கு 12 வாரங்களில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 11 புள்ளி குறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் மாற்றம் ஏறக்குறைய இல்லை. குளோர்தாலிடோன் குழுவில் சிறுநீரில் கழியும் அல்புமின் என்ற புரதமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பொட்டாசியம் குறைதல், சர்க்கரை ஏறுதல், தலைச்சுற்றல், கிரியேட்டினின் தற்காலிகமாக உயர்தல் ஆகியவையும் அந்தக் குழுவில் கூடுதலாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று பலருக்கும் எழுதித் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் காப்பதோடு ஓரளவு உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன.

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கும் சோதனையிலேயே விடை கிடைத்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் மூன்றாம் நிலை நோயாளிகள் 631 பேரில் ஒரு பாதியினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஓராண்டு ஊக்குவித்தார்கள். சிறுநீரகத் திறன் குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே 2018இல் வெளியான முடிவு. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சரியான அறிவுரையை எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் பொதுவாக்கிக் காணொளிகளில் சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் படித்தவற்றுள் எனக்கு அதிக நம்பிக்கை அளித்தது பிரான்சின் தசேன் என்ற ஊரின் டயாலிசிஸ் மையம் பற்றிய பதிவுகள். பெர்னார் ஷர்ரா என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே வாரம் மூன்று முறை எட்டு மணி நேரம் நீடிக்கும் மெதுவான டயாலிசிசையும் உப்புக் குறைந்த உணவையும் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார்கள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இரத்த அழுத்த மாத்திரையே இல்லாமல் இருந்தார்கள். மிகை நீர் வெளியேறி எடை சரியான அளவுக்கு வந்த பிறகும், இரத்த அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. அடுத்த பல வாரங்கள், சில மாதங்கள் வரை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. நீர் போன வேகத்தில் குழாய்கள் தளர்வதில்லை; அவற்றுக்குத் தனியாகக் காலம் தேவைப்படுகிறது. இதை அறிந்த பிறகுதான், அம்மாவுக்கு உப்பைக் குறைத்த முதல் வாரத்தில் அழுத்தம் அசையாதபோது நான் மனம் தளராமல் இருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு; ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நம் சமையலில் உப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. இட்லி மாவிலும், சட்னியிலும், பொடியிலும், குழம்பிலும், பொரியலிலும், கடைசியாக மோரிலும் தனித்தனியாகப் போடுகிறோம். அதற்கு மேல் ஊறுகாய், வற்றல், மோர் மிளகாய், கருவாடு. நாங்கள் செய்த மாற்றம் இவ்வளவுதான்: குழம்பு ஒன்றில் மட்டும் குறைந்த உப்பு, மோரிலும் சாதத்திலும் அறவே இல்லை, மாவில் பாதி. மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கூட்டினோம். முதல் சில வாரங்கள் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். நாக்கு பழகியதும் வெளியே வாங்கிய இட்லியைத்தான் 'ஒரே கரிப்பு' என்றார். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அதனால் அது மாற்று ஆகாது. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், சிறுநீரக நோயாளிகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தி, நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். உண்மையில் எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பதை அறிய, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதில் சோடியத்தை அளக்கலாம். 100 மில்லிமோல் என்று வந்தால் அது ஏறத்தாழ 5.8 கிராம் உப்பு. விலை குறைந்த இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது என் ஆதங்கம்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. நீரை அளவுக்கு மீறி வெளியேற்றினால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்து, இருக்கும் திறனும் போகும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது, எடை குறித்த அளவுக்குக் கீழே தொடர்ந்து இறங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். நீர் மாத்திரை தொடங்கியபின் கிரியேட்டினின் சற்று ஏறுவது எல்லா நேரமும் கேடு அல்ல. நீர் தேங்கியிருந்தவருக்கு வீக்கம் குறைந்து, அழுத்தம் இறங்கி, புரதக் கசிவும் குறைந்திருந்தால் அந்த ஏற்றத்தை மருத்துவர் பொறுத்துக்கொள்ளக்கூடும். அதைத் தீர்மானிக்க எடையும் அழுத்தமும் எழுதிய நோட்டு அவர் கையில் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் வரும் நாள்களில் கணக்கு முற்றிலும் மாறிவிடும். அன்று நீர் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசினையும் சில அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். எந்த எண்ணில் அழைப்பது என்பதை அடுத்த முறை போகும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.